திருமண நாளுக்குக் காட்டு ரிசார்ட்: மசினகுடியா, கபினியா, தேக்கடியா?

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கும் நண்பரின் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: மே மாதம் மூன்றாம் வாரத்தில் பத்தாவது திருமண நாள் வருகிறது, மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியும் மட்டும் இரண்டு இரவுகள் காட்டை ஒட்டிய ரிசார்ட் ஒன்றில் தங்கிவர விரும்புகிறார்கள். மசினகுடி, கபினி, தேக்கடி மூன்றில் எது நல்லது, மசினகுடி ரிசார்ட் ஒன்று ‘நைட் சஃபாரி, கேம்ப்ஃபயர், டி.ஜே.’ என்று விளம்பரம் செய்வதை நம்பலாமா, புலியைப் பார்க்க முடியுமா, மனைவிக்கு இடுப்பு வலி இருப்பதால் ஜீப்பில் போகலாமா, தலையில் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு காட்டுக்குள் போகக் கூடாது என்கிறார்களே, அது உண்மையா என்றெல்லாம் கேட்டிருக்கிறார். கேள்விகள் பல என்றாலும் அவற்றுக்கு அடியில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சேர்த்து வைத்த பணத்தைச் செலவழித்து அவ்வளவு தூரம் போனால் இருவருக்கும் உண்மையான காடும் கொஞ்சம் தனிமையும் கிடைக்குமா, இல்லை ஓர் இரைச்சலிலிருந்து தப்பி இன்னோர் இரைச்சலில் போய் மாட்டிக்கொள்வோமா என்பதே உங்கள் கவலை.

நாகரஹொளே காட்டின் ஓரத்திலும் பிறகு நீலகிரியிலும் காட்டு விடுதிகளில் இயற்கை வழிகாட்டியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு இப்போது திருவொற்றியூரில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். விலங்குகள், காட்டுச் சாலைகள், விடுதிக்காரர்கள் சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள தூரம் ஆகியவற்றைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். இடுப்பு வலியைப் பற்றி இறுதிச் சொல் உங்கள் மருத்துவருடையது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தொகை இடம் கொடுத்தால் கபினி, கொடுக்காவிட்டால் மசினகுடியை ஒட்டிய முதுமலைப் புலிகள் காப்பகத்தில் வனத்துறையே நடத்தும் அறைகள், டி.ஜே. வைக்கும் ரிசார்ட் எந்த ஊரில் இருந்தாலும் வேண்டாம்.

அந்த விளம்பரத்திலிருந்தே தொடங்குகிறேன். புலிகள் காப்பகத்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு இரவு சஃபாரி என்று ஒன்று கிடையாது. காப்பகங்களில் இரவு நேரச் சுற்றுலா கூடாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியானால் விளம்பரத்தில் வருவது என்ன? ஊருக்குப் பக்கத்தில் உள்ள பொதுச் சாலையில் இரவு எட்டு, ஒன்பது மணிக்கு ஜீப்பில் அழைத்துப்போய் டார்ச் விளக்கை இருபுறமும் அடித்துக் காட்டுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. புள்ளிமான் கூட்டத்தின் கண்கள் பச்சையாக மின்னும். ஒரு காட்டுமாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். அதற்கு ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார்கள். வனத்துறை மடக்கினால் அபராதம் கட்டும் நிலைக்கு ஜீப்பில் இருக்கும் நீங்களும் வரலாம். அதைவிடப் பெரிய ஆபத்து, விளக்கொளியில் திடுக்கிட்ட யானை எந்தப் பக்கம் திரும்பும் என்பதை அந்த ஓட்டுநராலும் கணிக்க முடியாது.

மசினகுடியைப் பற்றி இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஊரைச் சுற்றியுள்ள சீகூர் பீடபூமி, மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் இடையே யானைகள் போய்வரும் வழி. அதை யானை வழித்தடமாக 2010இல் தமிழக அரசு அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் அந்த அறிவிப்பைச் சரி என்றது. 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அங்கிருந்த பல விடுதிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. ஆகவே மசினகுடியில் ஒரு விடுதி இணையத்தில் அழகான படங்களுடன் முன்பதிவு எடுக்கிறது என்பதாலேயே அதற்கு உரிமம் இருக்கிறது என்று கொள்ள முடியாது. வீட்டு உரிமையாளர் ஹோம்ஸ்டே என்ற பெயரில் நடத்துவதும் உண்டு. 2021 ஜனவரியில் அதே பகுதியில் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து எரியும் துணியை யானை மீது வீசி, காதில் தீப்பிடித்தபடி அது ஓடிய காட்சியை நீங்களும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அந்த யானை இறந்துபோனது. அந்த ஊரில் நேர்மையாக நடத்துபவர்கள் இல்லை என்று சொல்ல வரவில்லை. அவர்களைத் தேடிப் பிடிக்க நீங்கள் கொஞ்சம் மெனக்கெட வேண்டும்.

எப்படித் தேடுவது? நான் ஒரு விடுதியைப் பற்றி விசாரிக்கும்போது அறையைப் பற்றிக் கேட்பதைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். முதலில் கேட்பது, சஃபாரிக்கு எந்த வாயிலிலிருந்து உள்ளே போகிறோம், வண்டி வனத்துறையுடையதா அல்லது அத்துறை அனுமதித்ததா, சீட்டு யார் பெயரில் வரும் என்பது. ‘அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம் சார்’ என்று பதில் வந்தால் தொலைபேசியை வைத்துவிடலாம். அடுத்து, இருட்டிய பிறகு அறையிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேளுங்கள். ‘எங்கள் ஆள் டார்ச்சோடு வந்து அழைத்துப் போவார், தனியாக வெளியே வராதீர்கள்’ என்று சொல்கிற இடம் காட்டை அறிந்த இடம். ‘ஃப்ரீயா சுத்தலாம், ஒரு பிரச்சினையும் இல்லை’ என்பவர், காட்டை அறியாதவராகவோ, காடே இல்லாத இடத்தில் இருப்பவராகவோதான் இருப்பார். ஒலிபெருக்கி வைப்பார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். உங்களுக்கு டி.ஜே. வேண்டாம் என்பதால் பயனில்லை. பக்கத்து அறைக்காரர் கேட்டால் வைப்பார்கள் அல்லவா?

இனி கபினிக்கு வருகிறேன். கர்நாடகத்தில் கபினி ஆற்றின் குறுக்கே 1974இல் பீச்சனஹள்ளியில் கட்டி முடிக்கப்பட்ட அணையின் நீர்ப்பரப்புக்கு ஒரு கரை நாகரஹொளே, மறு கரை பந்திப்பூர்; இரண்டும் புலிகள் காப்பகங்கள். மழைக்காலத்தில் அணை நிரம்பித் தண்ணீர் மரங்கள் வரை ஏறி நிற்கும். மார்ச் தொடங்கி மே வரை தண்ணீர் இறங்க இறங்க, அதுவரை மூழ்கிக் கிடந்த நிலம் வெளியே வந்து அதில் இளம்புல் முளைக்கும். காட்டுக்குள் குட்டைகள் வற்றியிருக்கும் அந்த நாட்களில் குடிக்கத் தண்ணீரும் தின்னப் பசும்புல்லும் ஒரே இடத்தில் கிடைப்பதால் சுற்றுவட்டார யானைக் கூட்டங்கள் அங்கே இறங்குகின்றன. உங்கள் திருமண நாள் மே மாதத்தில் வருவது இந்த வகையில் நல்ல பொருத்தம். இது ஆண்டுதோறும் நடப்பது என்பதில் ஐயமில்லை. ஆனால் நீங்கள் போகும் வாரத்தில் எத்தனை யானைகள் கரையில் நிற்கும் என்பது கோடை மழையைப் பொறுத்தது. ஏப்ரல் இறுதியிலும் மே மாதத்திலும் நல்ல மழை பெய்து உள்காட்டுக் குட்டைகள் நிரம்பிவிட்டால் கூட்டங்கள் கலைந்துபோய்விடும். இரண்டு நாள் இடைவெளியில்கூடக் கரை காலியாவதைப் பார்த்திருக்கிறேன்.

அங்கே படகு சஃபாரியில் ஒன்றைக் கவனியுங்கள். கரையில் யானை தென்பட்டதும் படகோட்டி இயந்திரத்தை அணைத்துவிடுவார்; படகு தானாக மிதந்து கொஞ்சம் நெருங்கும். யானை புல்லை முன்காலால் உதைத்துத் தளர்த்தி, தும்பிக்கையால் சுருட்டிப் பிடுங்கி, உடனே வாயில் போடாமல் முழங்காலில் இரண்டு மூன்று முறை அடித்து வேரில் ஒட்டிய மண்ணை உதிர்த்துவிட்டுத்தான் தின்னும். அந்தத் தட்டும் ஓசை தண்ணீரின் மேல் தெளிவாகக் கேட்கும். தாயைப் பார்த்துக் குட்டியும் அப்படியே செய்ய முயன்று, புல்லைப் பறக்க விட்டுவிட்டு வெறும் தும்பிக்கையை வாய்க்குள் வைத்துக்கொள்ளும். புலி, புலி என்று எல்லோரும் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும்போது இதைப் பார்க்காமல் திரும்பியவர்கள் பலர். நீரில் நின்றபடியே பட்டுப்போன மரங்களின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம் ஒன்று மீனோடு கரையேறும்.

கபினி என்று முடிவு செய்தாலும் பணம் கட்டுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் பகுதிக் கிராமங்களில் புலி தாக்கி மனிதர்கள் இறந்ததைத் தொடர்ந்து, 2025 நவம்பரில் கர்நாடக அரசு பந்திப்பூர், நாகரஹொளே இரண்டிலும் சஃபாரியை நிறுத்திவைத்தது. இத்தகைய உத்தரவுகள் திடீரென்று வரும், பகுதி பகுதியாகத் தளரும், மறுபடியும் வரலாம். நீங்கள் தங்கும் தேதிகளில் ஜீப், படகு இரண்டும் நடக்கின்றனவா, நின்றுபோனால் சஃபாரிக்கான தொகையைத் திருப்பித் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலில் ஒரு வரி போதும். பயணிகளுக்கு இது எரிச்சலாக இருக்கும் என்பது தெரியும். ஆனால் ஊர்க்காரர் ஒருவர் மாடு மேய்க்கப் போன இடத்தில் உயிரை விட்டிருக்கும்போது வனத்துறை ஊழியர்கள் சுற்றுலா வண்டியை ஓட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

புலியைப் பார்க்க முடியுமா என்பதற்கு நேர்மையான பதில், பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம் என்பதுதான். 2022 கணக்கெடுப்பின்படி பந்திப்பூரில் 150, நாகரஹொளேயில் 141, முதுமலையில் 114 புலிகள் உள்ளன. இந்தியாவிலேயே புலிகள் அடர்ந்த நிலப்பரப்புகளில் இது ஒன்று. இந்த எண்களைக் காட்டி ‘நிச்சயம் பார்க்கலாம்’ என்று விற்பவர்கள், காப்பகத்தின் மையப் பகுதியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்ற விதியைச் சொல்ல மாட்டார்கள். மீதிக் காட்டில் இருக்கும் புலிகள் உங்கள் வண்டியின் பக்கமே வரப்போவதில்லை. மே மாதம் புதர்கள் காய்ந்து பார்வைக்குத் தடை குறைந்திருக்கும், விலங்குகள் நீர்நிலையைத் தேடும் என்பதால் வாய்ப்புக் கூடுதல்; அதற்கு மேல் யாராலும் உறுதி தர முடியாது. வழிகாட்டி வண்டியை நிறுத்தச் சொல்லிக் காதைக் கொடுப்பதைப் பாருங்கள். புள்ளிமான் கத்தினால் அது செந்நாயாகவும் இருக்கலாம், வெறும் பதற்றமாகவும் இருக்கலாம். மரத்தின் உச்சியிலிருந்து மந்தி ஒரே திசையைப் பார்த்துக் கத்தினால் கவனம் கூடும். கடமான் அடித்தொண்டையிலிருந்து ‘டாங்க்’ என்று ஒலி எழுப்பிவிட்டு, காலால் நிலத்தைத் தட்டிக்கொண்டு மறுபடியும் எழுப்பினால், அருகில் புலியோ சிறுத்தையோ இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். அந்த இடத்தில் இருபது நிமிடம் பேசாமல் இருக்கத் தெரிந்த வண்டிக்குப் புலி கிடைத்திருக்கிறது. பொறுமையிழந்து ‘வேறு பக்கம் போகலாம்’ என்று ஓட்டுநரை நச்சரித்த வண்டிக்கு அதே புலி தவறியிருக்கிறது.

இடுப்பு வலியைப் பொறுத்தவரை, காட்டுப் பாதை நம் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் தோண்டிவைத்த பள்ளங்களைவிட மோசமில்லை என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அதை மூன்று மணி நேரம் தொடர்ந்து தாங்க வேண்டும், இடையில் இறங்கிக் காலை நீட்டவும் முடியாது. வண்டியை விட்டு இறங்குவது குற்றம். ஜீப்பில் போவதானால் பின்சக்கரத்துக்கு மேல் உள்ள கடைசி இருக்கையைத் தவிர்த்து, ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள முதல் வரிசையைக் கேட்டு வாங்குங்கள். குலுக்கல் அங்கே கணிசமாகக் குறையும். கேன்டர் எனப்படும் பெரிய வண்டி மெதுவாகப் போகும் என்றாலும் பின்வரிசை தூக்கிப்போடும். படகில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நான் கபினியை முதலில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். டிஸ்க் பிரச்சினை என்று சொல்லப்பட்டிருந்தால், ஜீப் பயணம் என்பது என்ன என்பதை மருத்துவரிடம் விளக்கிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மல்லிகைப்பூ விஷயத்தில் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். யானைக்கு மோப்ப சக்தி மிக அதிகம் என்பது உறுதி. ஆனால் டீசல் புகை கக்கும் வண்டியில் பத்துப் பேர் உட்கார்ந்து வரும்போது இரண்டு முழம் பூவின் வாசனை ஒரு யானையை இழுத்து வரும் என்பதற்கு ஆதாரம் எதையும் நான் கண்டதில்லை. கடுமையான செண்ட் அடித்துக்கொண்டு வர வேண்டாம் என்று நாங்கள் சொல்வதற்குப் பக்கத்து இருக்கைக்காரரின் தலைவலியும் ஒரு காரணம். பூவை மாலையில் திரும்பிவந்து, குளித்து, சாப்பாட்டுக்குப் போகும்போது வைத்துக்கொள்ளட்டும்; திருமண நாளன்று பூ இல்லாமல் எப்படி என்று அவர் கேட்பது நியாயம்தான். உடையின் நிறத்திலும் இதே கதை. மான், யானை போன்றவை சிவப்பை நம்மைப்போல் பிரித்தறிவதில்லை. கண்ணைப் பறிக்கும் வெள்ளையும், அதைவிட முக்கியமாக வெடுக்கென்ற கை அசைவும் பேச்சுக்குரலுமே அவற்றை விரட்டுகின்றன. ராணுவச் சீருடை போன்ற புள்ளிச் சட்டைக்குக் காசு கொடுக்க வேண்டாம். வெளிர் பச்சையோ பழுப்போ வீட்டில் இருப்பதைப் போட்டுக்கொள்ளுங்கள். கோடையில் உண்ணி உண்டு என்பதால் முழுக்கால் உடையும் காலுறையும் அவசியம்.

தேக்கடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1895இல் முல்லைப் பெரியாற்று அணை கட்டப்பட்டதால் உருவான ஏரி அது, படகு உண்டு, குமுளியில் எல்லா விலையிலும் அறை கிடைக்கும், சாப்பாட்டுக்கும் கடைகளுக்கும் குறைவில்லை. ஆனால் மே விடுமுறையில் அந்தப் படகில் உங்களோடு வரும் கூட்டத்தையும் குழந்தைகளின் கூச்சலையும் எண்ணிப் பாருங்கள். 2009இல் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த இடம் என்பதால் உயிர்காப்பு உடையைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. கபினிப் படகிலும் அதைக் கழற்றாதீர்கள். குடும்பத்தோடு போகும்போது தேக்கடி பொருத்தம். இருவர் மட்டும் போவதற்கு அது என் தேர்வாக இராது.

போக்குவரத்தில் ஒரே ஆலோசனை: சொந்தக் காரில் போகாதீர்கள். சென்னையிலிருந்து கபினி 550 கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் முழுக்க ஓட்டிவிட்டு, மறுநாள் ஐந்தரை மணிக்கு எழுந்து, மூன்றாம் நாள் மறுபடியும் ஓட்டினால் திருமண நாளில் மனைவியோடு பேசுவதற்கு உங்களிடம் தெம்பு மிஞ்சாது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம். அங்கிருந்து இரவில் புறப்படும் காவேரி எக்ஸ்பிரஸ் காலையில் மைசூரில் விட்டுவிடும். மைசூரிலிருந்து விடுதிக்கு வாடகைக் காரில் இரண்டு மணி நேரம். இப்போது முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. மே விடுமுறை என்பதால் திறக்கும் அன்றே காலையில் எடுத்துவிடுங்கள்.

பணம் போதாது என்று தோன்றினால் வருந்த வேண்டாம். முதுமலையில் தெப்பக்காடு, மசினகுடி, கார்குடி போன்ற இடங்களில் வனத்துறையின் ஓய்வு விடுதிகள் உள்ளன. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் இணையதளத்திலேயே பதிவு செய்யலாம். ஏ.சி.யையும் நீச்சல்குளத்தையும் அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆனால் தெப்பக்காட்டில் விடுதியின் பின்புறமே மாயாறு ஓடுகிறது. சஃபாரி வண்டி புறப்படும் இடமும், வளர்ப்பு யானைகளுக்கு உணவு கொடுக்கும் முகாமும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கின்றன. பல தனியார் ரிசார்ட்டுகள் காட்டிலிருந்து விலகி வயலுக்கு நடுவே இருந்துகொண்டு காட்டு வாழ்க்கை என்று விற்கையில், இங்கே உண்மையிலேயே காட்டுக்குள் தூங்குகிறீர்கள். அந்த வழியில் போனால் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம், கோடையில் வாகன எண்ணிக்கைக்கு வரம்பும் வைத்திருக்கிறார்கள். ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவுப் பாதையை மறந்துவிட்டுக் கூடலூர் சுற்றியே போங்கள். 2018இல் நம் சென்னையிலிருந்து போன ஒரு குழுவின் கார் அந்தச் சரிவில் விழுந்து, நாட்கள் கழித்துத்தான் கண்டுபிடிக்கப்பட்டது. மைசூர் வழியாக வந்தால் பந்திப்பூர் சாலை இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கட்டணத்தை ஒப்பிடும்போது ஏமாறும் இடம் ஒன்று உண்டு. தனியார் ரிசார்ட் அறைக்கு இவ்வளவு என்று சொல்லும். கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் ஆளுக்கு இவ்வளவு என்று சொல்லும். இரண்டாவதைப் பார்த்ததும் கண் விரியும். ஆனால் அதில் தங்குவது, மூன்று வேளைச் சாப்பாடு, சஃபாரி எல்லாம் அடங்கியிருக்கும். முதலாவதில் அவை தனித்தனியாகச் சேர்ந்துகொண்டே போகும். நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்கு உட்பட்டால் 5 சதவீதம்தான். சொன்ன விலை வரிக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். பெரிய லென்ஸ் கொண்ட கேமராவுக்குத் தனிக் கட்டணம் வாங்கும் வாயில்களும் உண்டு. கைபேசியில் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால், மையப் பகுதியில் கைபேசிப் பயன்பாடு கூடாது என்று மேலே சொன்ன அதே 2025 தீர்ப்பில் இருக்கிறது. நுழைவாயிலில் வாங்கி வைத்துக்கொண்டால் சண்டை போட வேண்டாம். திருமண நாள் சனி, ஞாயிறில் விழுந்தாலும் நீங்கள் திங்கள் முதல் புதன் வரை போங்கள். விலையும் குறையும், வாயிலில் நிற்கும் வண்டி வரிசையும் குறையும்.

இனி, விடுதிக்காரர்கள் சொல்லாத ஒன்று. காட்டு ரிசார்ட்டில் உங்கள் நேரம் உங்களுடையதாக இருப்பதில்லை. காலை ஐந்தரைக்குக் கதவைத் தட்டி டீ கொடுப்பார்கள். ஆறு, ஆறரைக்கு வண்டி. ஒன்பதரைக்குத் திரும்பிச் சாப்பாடு. மூன்று மணிக்கு மறுபடியும் வண்டி. இருட்டிய பின் வந்து சாப்பிட்டுப் படுத்தால் அடுத்த ஐந்தரை. இரண்டு இரவில் நான்கு சஃபாரி கிடைக்கிறது என்பதால் நான்கையும் விடக் கூடாது என்று ஓடிவிட்டு, ‘நாம் இருவரும் உட்கார்ந்து பேசவே இல்லையே’ என்று கிளம்பும்போது சொல்லிக்கொண்ட தம்பதியர் எத்தனையோ பேர். திருமண நாளன்று மாலை சஃபாரியை விட்டுவிடுங்கள். காசு போகிறதே என்று நினைக்க வேண்டாம். எல்லோரும் வண்டியில் போய்விட்ட அந்த மூன்று மணி நேரம் விடுதி முழுக்க உங்களுடையதாக இருக்கும். வராந்தாவில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தால் மலை அணிலும் மயிலும் தாமாகவே வரும். பிஸ்கட் போட்டு மட்டும் குரங்கை அழைத்துவிடாதீர்கள். கதவைத் திறந்து பையை எடுக்கும் அளவுக்கு அது கற்றுக்கொண்டிருக்கிறது. கேக், பலூன் அலங்காரம் வேண்டுமா என்று கேட்பார்கள். கேக் போதும், வெடித்த பலூனின் ரப்பர் துண்டு புல்லில் கிடந்து மானின் வயிற்றுக்குள் போகும்.

முதல் இரவில் தூக்கம் வராமல் போகலாம், பயப்பட வேண்டாம். லாரி ஹாரனும் துறைமுகத்து ஓசையும் இல்லாத இரவு நம் பகுதிக்காரர்களுக்குப் பழக்கமில்லை; பக்கிக் குருவி ஒன்று விடாமல் ‘சக், சக்’ என்று கொட்டுவதும், கூரையில் பல்லி ஓடுவதும் பெரிதாகக் கேட்கும். வெளியே கிளை முறியும் சத்தம் கேட்டால் ஜன்னல் வழியாகப் பாருங்கள், கதவைத் திறக்காதீர்கள். யானை தன் வழியில் போய்விடும்.

மகனைப் பாட்டியிடம் விட்டுவிட்டுப் போவதால் கடைசியாக ஒரு வேலை இருக்கிறது. காட்டு விடுதிகள் பலவற்றில் கைபேசி சிக்னல் கிடைக்காது, பி.எஸ்.என்.எல். கிடைக்கும் இடத்தில் மற்றவை இருக்காது. வை-ஃபை வரவேற்பறையோடு நின்றுவிடும். ‘போனை எடுக்கவில்லையே’ என்று பெரியவர் பதறிவிடக் கூடாது. விடுதியின் தரைவழித் தொலைபேசி எண்ணையும், அவர்களுடைய மைசூர் அல்லது பெங்களூர் அலுவலக எண்ணையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டிவிடுங்கள். காலை பத்து மணிக்கு, சஃபாரி முடிந்ததும் நீங்களே வரவேற்பறையிலிருந்து கூப்பிடுவதாகச் சொல்லி வையுங்கள். அந்த நேரம் தவறாமல் கூப்பிட்டும் விடுங்கள்.